அந்த இரண்டு எண்ணிக்கை பிழையல்ல

சென்ற மாதம் மறுவெளியீடாக வந்த ஓர் இசைத்தட்டோடு ஒரு சிறு கையேடும் வருகிறது. அதன் பதினொன்றாம் பக்கத்தில் என்னைப் பற்றி இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன. முதல் வாக்கியம், இந்தியாவிலிருந்து வந்த சாம் என்ற எழுத்தர் கன்ட்ரி என்னும் அமெரிக்க நாட்டுப்புற இசைக்குப் புதியவர் என்கிறது. இரண்டாவது, பாட்டை எழுதிய பெரியவரின் தடுமாற்றத்தையும் பாட்டின் பகுதி என்று நினைத்து அந்த எழுத்தர் தாளில் ஏற்றிவிட்டார், அந்த அழகான தவறைத்தான் நீங்கள் இப்போது கேட்கிறீர்கள் என்கிறது.

நான் புதியவன் அல்லன். அந்தப் பாட்டைத் தாளில் எழுதியபோது அந்த வேலையில் எனக்கு ஒன்பதாம் ஆண்டு. பெரியவர் தடுமாறவும் இல்லை. இரண்டு வாக்கியங்களில் இரண்டு பிழைகள்.

ஓய்வுபெற்றவர்கள் தங்கள் வேலை அனுபவத்தை எழுதித் தர வேண்டும் என்று டெக்சாஸில் எங்கள் ஆலன் நகரத் தமிழ் மலர்க் குழுவினர் இரண்டு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர், மருத்துவமனை, வங்கி என்று மற்றவர்கள் எழுதட்டும், கன்ட்ரி பாட்டுக்குத் தாள் எழுதியவன் கதை யாருக்கு வேண்டும் என்று தள்ளிப்போட்டேன். பதினொன்றாம் பக்கத்தைப் படித்த பிறகு தள்ளிப்போட முடியவில்லை.

பாளையங்கோட்டையில் எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் பன்னிரண்டு வயதிலிருந்து பாடினேன். டோ, ரே, மி என்ற ஸ்வர முறையில் நான்கு குரல்களையும் எழுதவும் படிக்கவும் அங்கேதான் கற்றேன். பிறகு ஒரு கல்லூரி அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. என் மனைவி ஜெசி நர்ஸ். அவளுக்கு டெக்சாஸில் வேலை கிடைத்து, கிரீன் கார்டு வந்து, அவள் பின்னால் நானும் வந்தேன். இரண்டு ஆண்டுகள் ஒரு மளிகைக் கடையில் அலமாரி அடுக்கினேன். ஞாயிறுகளில் நாங்கள் போன அமெரிக்கத் தேவாலயத்தில் பியானோ வாசித்தவர், ஆராதனைத் தாளின் பின்பக்கத்தில் நான் ஒரு பாமாலையின் சுரங்களை எண்களாக எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். “இதுக்கு இங்க ஆள் தேடிட்டு இருக்காங்க” என்று சொல்லி, தான் வாரநாட்களில் வாசிக்கும் ஸ்டூடியோவுக்கு என்னைக் கூட்டிப்போனார். என் பயிற்சிக் காலம் இவ்வளவுதான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஸ்டூடியோப் பேச்சு முழுவதும் ஆங்கிலத்தில் நடந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் மாலையில் அதை ஜெசியிடம் எங்கள் ஊர்ப் பேச்சில் திருப்பிச் சொல்வேன். பிறகு, சொன்னபடியே நோட்டில் எழுதுவேன். இருபது ஆண்டு வேலைக்கு முப்பத்தொரு நோட்டுகள். கீழே வருகிற ஸ்டூடியோப் பேச்சுகள் அவற்றிலிருந்து எடுத்தவை; பிற்காலத்துப் பேச்சையும் அதே வழக்கில் சொல்கிறேன்.

ஸ்டூடியோ ஒரு டயர்க் கடைக்குப் பின்னால் இருந்தது. என் வேலை சார்ட் எழுதுவது. பாட்டை எண்களாக ஒரே தாளில் எழுதுவதுதான் சார்ட். ஓர் எண் ஒரு கட்டம். ஒரு கட்டத்துக்கு நான்கு எண்ணிக்கை. பாட்டு எந்தச் சுருதியில் வீடு திரும்புகிறதோ அது ஒன்று. மற்றவை அதிலிருந்து எண்ணி நான்கு, ஐந்து என்று போகும். பாடகி வந்து “எனக்கு இந்தச் சுருதி ஒத்துவரல, கொஞ்சம் இறக்குங்க” என்றால் தாளை மாற்ற வேண்டியதில்லை. தலைப்பில் ஓர் எழுத்தை மாற்றினால் போதும்.

பாட்டை எழுதியவரே பாடித் தந்த மாதிரிப் பதிவு, வாசிப்புக்கு முந்தின நாள் பிற்பகல் என் கைக்கு வரும். முதல் தடவை பென்சிலைத் தொடாமல் கேட்பேன். இரண்டாம் தடவை முழங்காலில் விரலால் எண்ணுவேன். மூன்றாம் தடவைதான் எழுதுவேன். ஒரே தாளில் அடங்க வேண்டும். இரண்டாம் பக்கம் புரட்டினால் அந்தச் சத்தம் மைக்கில் ஏறிவிடும். பேனா கூடாது. காலையில் ஏழு நகல்கள் எடுத்து, பத்து மணிக்குக் கால்மணி நேரம் முன்பே ஒவ்வொரு ஸ்டாண்டிலும் ஒரு தாளும் சீவிய பென்சில் ஒன்றும் வைத்துவிடுவேன். பத்து மணிக்கு மாதிரிப் பதிவை ஒரே ஒரு முறை ஓடவிடுவார்கள். வாசிப்பவர்கள் தாளைப் பார்த்தபடி கேட்பார்கள். யாரும் பேச மாட்டார்கள். அடுத்த முறை வாசிப்பார்கள். அவர்கள் அந்தப் பாட்டை அதற்கு முன் கேட்டிருக்கவே மாட்டார்கள். ஆகவே தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் பாட்டு.

என் மேலதிகாரி பெயர் கிளென். பதிவை நடத்துபவர். கைக்கடிகாரத்தின் முகம் மணிக்கட்டின் உள்பக்கம் இருக்கும்படி கட்டியிருப்பார். பாடுகிறவர் கண்ணில் நேரம் படக்கூடாது என்பதற்காக. தவறு என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. தாளில் ஏதாவது பிடிக்காவிட்டால் அதை ஸ்டாண்டில் கவிழ்த்து வைத்துவிட்டு நடந்துபோவார். கோபம் கூடக்கூடக் குரல் இறங்கும். வழக்கமாக என்னைச் சாம் என்பவர், கோபம் வந்தால் சாமுவேல் என்பார்.

மூன்றாம் வாரமே சாமுவேல் ஆனேன். அது ஒரு வியாழக்கிழமை. சோகப் பாட்டு, மைனர் சுருதி. எங்கள் பாடகர் குழுவில் மைனர் பாட்டுக்கு வீடு ‘லா’. அதாவது ஆறாவது சுரம். பன்னிரண்டு வயதில் படிந்த பழக்கம். தலைப்பில் ‘ஏ மைனர்’ என்று எழுதிவிட்டு, உள்ளே வீட்டை ஆறு என்று எழுதினேன். கிளெனின் ஸ்டூடியோவில் எந்தப் பாட்டானாலும் வீடு ஒன்றுதான். வாசிப்பவர்கள் ஏ-யை ஒன்று என்று வைத்துக்கொண்டு அங்கிருந்து ஆறை எண்ணினார்கள். பாடகர் ஒரு வீட்டில் நின்று அழ, பக்கவாத்தியம் முழுவதும் வேறு தெருவில் இருந்தது. நாற்பது நிமிடம் போயிற்று. ஏழு தாள்களும் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன.

“சாமுவேல், ஒங்க ஊருல வீட்டுக்கு நம்பர் ஆறா?” என்று கேட்டார் கிளென், ஏறக்குறைய காதுக்குள்.

அது என் பிழை. அன்றைக்கே நோட்டில் எழுதினேன். இங்கே அதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

இனி அந்தப் பாட்டு. என் ஒன்பதாம் ஆண்டு, மார்ச் மாதம். ஒரு பெரிய பாடலாசிரியருக்கு மரியாதையாக ஓர் இசைத்தட்டு. பத்து கன்ட்ரி பாடகர்கள், ஆளுக்கு ஒன்றாக அவர் பாட்டைத் தங்கள் குரலில் பாட வேண்டும். அவர் இறந்து அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஸ்டூடியோவில் அவர் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். ‘பெரியவர்’ என்றால் டெக்சாஸில் அவர் ஒருவர்தான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

பெரியவரின் பாட்டை மற்றவர்கள் பாடும்போது ஒரு வழக்கம் இருந்தது. வாழ்நாள் முழுவதும் அவர் தனியாகக் கிடாரோடு பாடியவர். குடிப்பார். ஆகவே அவருக்குத் தாளம் நிற்காது என்று ஊரே நம்பியது. அவர் பாட்டில் ஒரு கட்டம் நான்கு எண்ணிக்கைக்குக் கூடவோ குறையவோ இருந்தால் அதை நேராக்கிவிடுவார்கள். அதற்குக் கிளெனிடம் ஒரு சொல் இருந்தது. “பெரியவருக்கு இங்க கொஞ்சம் கை கொடுப்போம்” என்பார். ஒன்பது ஆண்டுகளில் எத்தனையோ இடங்களில் நானும் கை கொடுத்திருக்கிறேன்.

கை கொடுக்க நியாயமான காரணமும் உண்டு. இந்த ஊரில் கன்ட்ரி பாட்டு உட்கார்ந்து கேட்பதற்கு அல்ல. நடன அரங்குகளில் கணவனும் மனைவியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துச் சுற்றிச் சுற்றி ஆடுவார்கள். கால் பாட்டை நம்பி வைக்கப்படுகிறது. நடுவில் இரண்டு எண்ணிக்கை கூடினால் கால் தப்பும்.

அன்றைய பாட்டில் மூன்று சரணங்கள். மாட்டையெல்லாம் விற்றுவிட்டு வீடு திரும்புகிறான் ஒருவன். மனைவி விட்டுப் போய்விட்டாள். முதல் சரணத்தின் மூன்றாம் வரியில் வேலிக்கதவில் நின்று கூப்பிட்டேன் என்கிறான். பிறகு இரண்டு எண்ணிக்கை கிடார் மட்டும். பிறகு, நாயை. இரண்டாம் சரணத்தில், தட்டு எடுத்து வைத்தேன் என்கிறான். மறுபடி இரண்டு எண்ணிக்கை. எனக்கு. மூன்றாம் சரணத்தில் மீண்டும் கதவில் நின்று கூப்பிட்டேன் என்கிறான். அங்கே நிற்பதில்லை. உடனே அவள் பெயரைச் சொல்லிவிடுகிறான்.

அதற்கு முன் ஆறு பாடகர்கள் அந்தப் பாட்டைப் பாடிப் பதிவு செய்திருந்தார்கள். ஆறையும் கேட்டேன். ஆறிலும் அந்த இரண்டு எண்ணிக்கை இல்லை. கூப்பிட்டேன் நாயை, தட்டு வைத்தேன் எனக்கு என்று ஓடிவிடுகிறார்கள். கேட்டால், நாய் வளர்க்கிற ஒருவனின் பாட்டு.

திங்கட்கிழமை பிற்பகல் கிளென் மாதிரிப் பதிவைத் தந்தார். “ரெண்டு எடத்துல பெரியவருக்குக் கை கொடுக்கணும். நேரா எழுதிரு” என்றார். எனக்கு மூன்றாம் சரணம் உறுத்தியது. தடுமாறுகிறவர் அங்கேயும் தடுமாறியிருக்க வேண்டுமே. ஸ்டூடியோவின் டேப் அறையில் பெரியவரின் பெட்டி ஒன்று இருந்தது. தேடியதில் அதே பாட்டு இன்னும் இரண்டு டேப்புகளில் கிடைத்தது. ஒன்று ஒரு வானொலி நிலையத்தில் பாடியது, மற்றொன்று ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். மூன்றும் வெவ்வேறு ஆண்டுகள்; பள்ளிக்கூடத்தில் குரலே உடைந்திருந்தது. மூன்றிலும் முதல் இரண்டு சரணங்களில் இரண்டு எண்ணிக்கை நிற்கிறார். மூன்றாம் சரணத்தில் நிற்பதில்லை. மூன்று டேப்புகளின் மேல் எழுதியிருந்ததையும், எண்ணி வந்ததையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

சாப்பிடும்போது ஜெசியிடம் சொன்னேன்.

“நேரா எழுதலன்னா என்ன செய்வாரு ஒங்க கிளென்?”

“வேலைய விட்டு அனுப்பலாம்.”

“அனுப்பட்டும். நான் ரெண்டு ஷிஃப்டு கூடப் பாத்துக்கிடுதேன். ஆனா அத்தான், மனசுக்கு ஒப்பாம ஒண்ண எழுதிட்டு வந்து, இந்த மேசையில மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு உக்காராதீய. எனக்கு அது ஆவாது.”

நான் அப்படியொன்றும் வீரன் அல்லன். செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு விதமாகவும் எழுதி, இரண்டையும் ஏழு நகல்கள் எடுத்தேன். நேரான ஏழையும் மேசை இழுப்பறையில் வைத்தேன். இரண்டு எண்ணிக்கைக் கட்டம் போட்ட ஏழையும் ஸ்டாண்டுகளில் வைத்தேன். அந்தக் கட்டத்தைச் சுற்றிப் பெட்டி போட்டு, யாரும் தவறவிடாதபடி தடிப்பாக அழுத்தியிருந்தேன்.

அன்று பாட வந்தவர் டெல்லா; மாதிரிப் பதிவு ஓடி முடிந்த பிறகுதான் வந்தார். அறுபது வயதுக்கு மேல். நடன அரங்குகளிலேயே வளர்ந்தவர். பழைய பாடகர் ஒருவர் பாடிய நேரான வடிவத்தை மனப்பாடமாக வைத்திருந்தார். முதல் டேக்கில், அதாவது முதல் முறை பதிந்தபோது, வாத்தியங்கள் என் தாளின்படி நிற்க, டெல்லா நிற்காமல் நாயைக் கூப்பிட்டுவிட்டார். எல்லாம் நின்றது.

கிளென் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். பியானோக்காரரின் தாளை எடுத்துப் பார்த்தார். கவிழ்த்து வைத்தார்.

“சாமுவேல். நேத்து என்ன சொன்னேன்?”

“நேரா எழுதச் சொன்னீங்க.”

“இது என்னது?”

“பெரியவர் பாடினது.”

“அவருக்கு எண்ணத் தெரியாது. ஊருக்கே தெரியும்.”

“மூணு டேப்பு கேட்டேன். மூணுலயும் அதே எடத்துலதான் நிக்காரு.”

“அப்ப மூணு நாளும் குடிச்சிருக்காரு” என்றார் கிளென்.

வாசிப்பவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்றாம் சரணத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தவன், அந்தச் சிரிப்பில் அதை விழுங்கிவிட்டேன். இன்றுவரை என்னால் மன்னிக்க முடியாத சிரிப்பு அது.

டெல்லாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. “என்னமோ டேப்புன்னீங்களே, அத எனக்குப் போடுங்க” என்றார். கிளென் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஒரு தொலைபேசி அழைப்புக்காக வெளியே போனார். பெரியவரின் மாதிரிப் பதிவை டெல்லாவின் காதில் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு மூன்று முறை கேட்டார்.

“சாம், ஆடுறவங்க கால மிதிச்சுக்கிடுவாங்களே.”

“மிதிக்கட்டும்.”

முன்யோசனை இல்லாமல் வந்த சொல். அந்தக் கூடத்தில் அதுவரை நான் அப்படி ஒரு சொல் பேசியதில்லை. டெல்லா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

“சரி, அந்த எடத்துல நான் என்ன செய்யணும்?”

“ஒண்ணும் செய்ய வேண்டாம். வாய மூடிட்டு நில்லுங்க.”

டிரம் வாசிப்பவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். டெல்லாவிடம் அப்படிப் பேசியவர் யாரும் இல்லை. அவர் மெதுவாகத் தலையாட்டினார். “நாப்பது வருசமா எம்புருசனும் இதையேதான் சொல்லுதாரு. நடக்கல. ஒனக்காக ரெண்டு எண்ணிக்க மூடிப் பாக்கேன்.”

கிளென் திரும்பி வந்தபோது கவிழ்ந்திருந்த தாளை டெல்லாவே நிமிர்த்தி வைத்திருந்தார். டெல்லா சொன்னால் கிளென் மறுக்க முடியாது. இரண்டாம் டேக். கூப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு நின்றார். அந்த இரண்டு எண்ணிக்கையில் அவர் மூச்சை உள்ளே இழுப்பது மைக்கில் விழுந்தது. பெயரைச் சொல்லத்தான் போகிறார் என்று கூடத்தில் இருந்த எல்லாரும் நினைத்தோம். நாயைச் சொன்னார். மூன்றாம் சரணத்தில் தாளில் பெட்டி இல்லாததால் எல்லாரும் நேராகப் போனார்கள். அவள் பெயர் வந்து விழுந்தது. அந்த டேக்தான் இசைத்தட்டில் இருக்கிறது.

இரண்டு வாரம் என் பெயர் சாமுவேல். பிறகு இசைத்தட்டு வந்து, டெல்லாவின் பாட்டை எல்லாரும் புகழ்ந்தார்கள். கிளென் ஒரு கதை சொல்லத் தொடங்கினார். விருந்துகளில், வெளியூர்ப் பாடகர்கள் வந்தால் மதிய உணவின்போது, என் தோளில் கைபோட்டபடி சொல்வார். “இவரு நம்ம சாம். பெரியவரு குடிச்சுட்டுத் தடுமாறுனதக்கூட விடாம எழுதிட்டாரு. இந்தியாவுல குமாஸ்தா வேல பாத்தவரு, எதையும் விட்டுவைக்க மாட்டாரு.” எல்லாரும் சிரிப்பார்கள். அதில் வன்மம் இல்லை. அவர் என்னை விரும்பியதால்தான் அந்தக் கதையைச் சொன்னார். நான் ஓய்வுபெறும்வரை பதினோரு ஆண்டுகள் அந்தக் கதைக்குச் சிரித்தேன். ஒருமுறைகூட மறுக்கவில்லை. கையேட்டின் பதினொன்றாம் பக்கத்தில் என் பங்கு அது.

இந்த ஆண்டு பிப்ரவரியில் ஷெரின் கூப்பிட்டாள். எங்கள் ஆலயத்துப் பெண். பழைய இசைத்தட்டுகளின் ஒலியைச் சீர்செய்து மறுபடி வெளியிடும் நிறுவனத்தில் ஒலிப் பொறியாளர்.

“அங்கிள், ஃப்ரீயா இருக்கீங்களா? ஒரு மேட்டர். டென்ஷன் ஆகாதீங்க.”

“சொல்லும்மா.”

“டெல்லா ட்ராக் என் டேபிள்லதான் இருக்கு. அதுல ரெண்டு பீட் எக்ஸ்ட்ரா வருதுல்ல, அத கட் பண்ணச் சொல்லிட்டாங்க. பெரியவரோட பொண்ணு கேட்டிருக்காங்க. அப்பா பாட்டுல ஒரு கிளார்க்கோட மிஸ்டேக் எதுக்கு இருக்கணும், கரெக்ட் பண்ணிடுங்கன்னு. புக்லெட்ல அப்படித்தான் பிரிண்ட் ஆயிருக்கு. அந்த கிளார்க் நீங்களா அங்கிள்?”

“நான்தான். எப்ப வெட்டணும்?”

“வெள்ளிக்கிழமை வீடியோ கால் இருக்கு. அப்ரூவ் ஆனா, அஞ்சு நிமிஷ வேலை. ரெண்டு இடத்துல ஸ்னிப். கேட்டா தெரியவே தெரியாது.”

தெரியவே தெரியாது. அதுதான் என் பயமும். ஆறு பதிவுகளில் இல்லாதது, ஏழாவதிலும் இல்லாமல் போனால், பெரியவர் அந்த இடத்தில் நின்றார் என்பதற்கு ஊர் கேட்கக்கூடிய சாட்சியே இருக்காது.

“ப்ரூஃப் ஏதாவது இருக்கா அங்கிள்?”

“நோட்டு இருக்கு.”

வெள்ளிக்கிழமை பிற்பகல் வீடியோ அழைப்பில் ஐந்து பேர் இருந்தோம். நிறுவனத்தின் மேலாளர், பெரியவரின் மகள் எலன், ஷெரின், எண்பத்தொரு வயது கிளென், நான். ஜெசி கேமராவுக்கு வெளியே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

கிளென் என்னைக் கண்டதும் மகிழ்ந்தார். “சாம், ரெண்டு எண்ணிக்கைக்கா இவ்வளவு கூட்டம்? நல்ல கத அது. விட்ரு.”

“கத நல்லாத்தான் இருக்கு கிளென். பாட்டு அதவிட நல்லா இருக்கு.”

மேலாளர் கேட்டார், தாள் எழுதுவதில் எனக்குத் தவறு நேர்ந்ததே இல்லையா என்று. கிளென் முந்திக்கொண்டார். “ஏன் இல்ல? ஒருநாள் மொத்தக் கூட்டத்தையும் வேற சுருதிக்கு அனுப்பிட்டாரு.”

“ஆமா. மூணாவது வாரம், வியாழக்கிழமை. நாப்பது நிமிஷம். வாசிக்கட்டுமா?” என்று கேட்டு, முதல் நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தை முழுவதும் வாசித்தேன். கிளென் வீட்டு எண்ணைக் கேட்டதுவரை. பிறகு, “இது என் தப்பு. எழுதி வச்சிருக்கேன். இப்ப என் தப்பு இல்லாதத வாசிக்கேன்” என்று சொல்லி, பதினான்காம் நோட்டை எடுத்தேன். மூன்று டேப்புகள், மேலே எழுதியிருந்தவை, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சரணத்தின் எண்ணிக்கை.

எலன் கையை உயர்த்தி நிறுத்தினார். “வானொலி டேப்பு மேல என்ன எழுதியிருந்துச்சுன்னு சொன்னீங்க?”

திரும்ப வாசித்தேன். பச்சை மை, ஓரத்தில் காபிக் கறை.

அவர் எழுந்து போனார். ஸ்டூடியோவை விற்றபோது பெரியவரின் பெட்டி குடும்பத்துக்கே போயிருந்தது. ஏழெட்டு நிமிடம் திரையில் காலி நாற்காலிதான் தெரிந்தது. மேலாளர் இரண்டு முறை தொண்டையைச் செருமினார். எலன் ஒரு கேசட் பிளேயரோடு வந்து, கேசட்டின் மேல்பக்கத்தைக் கேமராவில் காட்டினார். பச்சை மை. காபிக் கறை. பிளேயரை மைக்குக்குப் பக்கத்தில் வைத்தார்.

பெரியவர் பாடினார். முதல் சரணம்: நின்றார். “தடுமாறுதாரு” என்றார் கிளென். இரண்டாம் சரணம்: நின்றார். மூன்றாம் சரணத்தில் எலன் விரலால் மேசையில் எண்ணத் தொடங்கினார். பெயர் வந்தது.

“இதுல நிக்கலியே” என்றார் எலன். “இன்னொரு தடவ போடுதேன்.”

இன்னொரு தடவையும் நிற்கவில்லை. அது எலனின் அம்மா பெயரா என்று நான் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை. “அப்பாவுக்கு எண்ணத் தெரிஞ்சிருக்கு” என்றார். பிறகு ஷெரினிடம், “வெட்டாதீங்க.”

கிளெனின் குரல் கீழே இறங்கியிருந்தது.

“சாமுவேல். மூணாஞ்சரணத்தப் பத்தி அன்னைக்கே ஏன் சொல்லல?”

“குடிச்சிருப்பாருன்னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேந்து சிரிச்சிட்டேன்.”

“அந்தப் பாட்ட நாந்தான் பதிவு செஞ்சேன்” என்றார் கிளென், தனக்குத்தானே. “மூணாவத எண்ணவே இல்ல.”

கையேடு அச்சாகி அட்டைப்பெட்டிகளில் அடுக்கியாகிவிட்டது என்றும், இனி மாற்ற வழியில்லை என்றும் மேலாளர் வருந்தினார். ஒரு திருத்தச் சீட்டு அடித்து உள்ளே வைக்கலாமே என்று ஷெரின் கேட்டுப் பார்த்தாள். அதற்குப் பணம் ஒதுக்கவில்லை என்றார் மேலாளர். ஆகவே பாட்டு சரியாகவும் கையேடு தவறாகவும் ஒரே உறைக்குள் வந்திருக்கின்றன. மேலாளர் என்னிடம், “உங்களுக்கு இதில் வருத்தம் இருக்காது என்று நம்புகிறேன்” என்றார். வருத்தம் இருக்கிறது என்றேன். எங்கே எழுத முடியுமோ அங்கே எழுதுவேன் என்றும் சொன்னேன். எழுதிவிட்டேன்.

போன ஞாயிறு பிற்பகல் ஜெசியைக் கூட்டிக்கொண்டு இங்கிருந்து வடக்கே ஒரு மணி நேர தூரத்தில் உள்ள நடன அரங்குக்குப் போனேன். அந்த இசைத்தட்டை அங்கே போடுகிறார்கள் என்று ஷெரின் சொல்லியிருந்தாள். மரத்தரை. சுவரோரம் நீளமான பெஞ்சுகள். முப்பது, நாற்பது ஜோடிகள் ஆடிக்கொண்டிருந்தார்கள், பெரும்பாலும் எங்கள் வயதுக்காரர்கள். நான்காவதாக டெல்லாவின் பாட்டு வந்தது.

முதல் சரணத்தில் டெல்லா நின்றதும் ஆடியவர்கள் நிற்காமல் போய் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டார்கள். சிரித்தார்கள். இரண்டாம் சரணத்தில் பாதிப் பேர் விழித்துக்கொண்டு காலைத் தூக்கியபடி காத்திருந்தார்கள். மூன்றாம் சரணத்தில் எல்லாருமே தயார். கூப்பிட்டேன் என்றதும் அரங்கு முழுவதும் நின்றது. பாட்டு நிற்கவில்லை. டெல்லா பெயரைச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். எங்களுக்கு நேரே தொப்பி போட்ட ஒருவர் அவசரமாக அடியெடுத்து மனைவியின் பூட்ஸை அழுத்தி மிதித்தார். அந்த அம்மா அவர் தோளில் ஓர் அடி வைத்தார்.

“ஐயோ பாவம், மிதிச்சிட்டாரே” என்றாள் ஜெசி.

என் விரல் இன்னும் முழங்காலில் எண்ணிக்கொண்டிருந்தது.

“மிதிக்கட்டும்” என்றேன்.